சிறு திருத்தமும் பெரும் பொறுப்பும்

பாடசாலை அலுவலகங்களிலே பிழையைத் திருத்துவதற்கென்று ஒரு முறை உண்டு. இடாப்பிலே பிழையாக எழுதப்பட்ட சொல்லைச் சுரண்டி அழித்தல் ஆகாது. அதன்மேல் ஒரேயொரு கோடு இழுத்து, சரியானதை அருகே எழுதி, திருத்தியவர் தம்முடைய சுருக்கொப்பத்தையும் திகதியையும் இடுதல் வேண்டும். பழையது யாது, புதியது யாது, மாற்றியவர் யார், மாற்றிய நாள் எது என்னும் நான்கும் பின்வருவோர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதே இதன் கருத்து.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் கடமையாற்றிய ஒரு பாடசாலையில், மாணவன் ஒருவனுடைய பிறந்த திகதி சேர்விடாப்பிலே பிழையாகப் பதியப்பட்டிருந்தது. ஒன்று என்னும் இலக்கத்தை எவரோ ஏழு என்று வாசித்துவிட்டனர். இலிகிதர் அதனை முறைப்படி திருத்திக்கொண்டு என்னிடம் வந்தார். பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். திருத்தம் சரியாகவே இருந்தது. ஒப்பமிட்டேன். அரை நிமிட வேலை.

ஆனால், அந்த இடாப்பிலிருந்து வகுப்புப் பதிவேட்டுக்கும், அங்கிருந்து பரீட்சை விண்ணப்பத்துக்கும் அதே பிழை முன்னரே படியெடுக்கப்பட்டுவிட்டது. அதை நான் கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை. சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழ் பிழையான திகதியோடு வந்து சேர்ந்தது. அதைத் திருத்துவிப்பதற்கு அந்தப் பையனின் தகப்பனார் தோட்ட வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்காக அலைந்தார். என்னிடம் வந்தபோது அவர் கோபிக்கவில்லை. “சேர், நீங்கள் பார்த்துக் கையெழுத்து வைச்சபடியால் எல்லாம் சரி எண்டு நினைச்சிருந்தம்” என்றார். அந்த வார்த்தை இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

இதனை ஏன் சொல்லுகிறேன் என்றால், சில காலத்துக்கு முன் என் பழைய மாணாக்கர் ஒருவர், கொழும்பிலே மென்பொருள் எழுதும் தொழிலில் இருப்பவர், வல்லிபுர ஆழ்வார் கோயில் தீர்த்தத்துக்காக ஊருக்கு வந்தவிடத்து, நெல்லியடியில் என் வீட்டுக்கும் வந்தார். “உங்கள் தொழிலில் மிகக் கடினமான வேலை எது?” என்று கேட்டேன். புதிதாக எழுதுவதைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “மற்றவர் செய்த சிறு திருத்தத்தைச் சரிபார்ப்பதுதான் சேர்” என்றார். பிறகு தம்முடைய மடிக்கணினியைத் திறந்து எனக்கு ஒரு திருத்தத்தின் வரலாற்றைக் காட்டினார். கலைப் பட்டதாரியாகிய எனக்கு விளங்கிய வகையிலே அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், பதிப்புக் கட்டுப்பாடு என்பது யாதெனப் பார்ப்போம். ஒரு நூலை நூறு பேர் நூறு ஊர்களிலிருந்து ஒரே காலத்தில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எவர் எதை மாற்றினார் என்பது தெரியாவிட்டால் அந்நூல் குழம்பிப்போகும். கணினிக்கான செய்நிரல்களும் அவ்வாறு பலர் சேர்ந்து எழுதும் நூல்களே. ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும், அதைச் செய்தவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றோடு பதிந்து வைத்து, வேண்டியபோது பழைய நிலைக்கு மீளவும் இடந்தருகின்ற மென்பொருள்கள் தோன்றின. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் றொச்கைண்ட் என்பவர் இத்தகைய ஒன்றை உருவாக்கினார். இன்று உலகெங்கும் பெரிதும் வழங்குவது ‘கிற்’ என்பது. லினக்ஸ் இயங்குதளத்தின் உள்ளகத்தைப் படைத்த லீனஸ் தோர்வால்ட்ஸ் அதனை 2005 ஏப்பிரலில் எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு யூலை முதல் ஜூனியோ ஹமானோ என்பவர் அதன் பராமரிப்பாளராக இருந்துவருகிறார்.

கிற் ஒவ்வொரு பதிவுக்கும் 40 குறிகள் கொண்ட ஒரு கைரேகையைக் கணித்து வைக்கிறது. அந்தக் கைரேகை பதிவின் உள்ளடக்கத்தையும் அதற்கு முந்திய பதிவின் கைரேகையையும் சேர்த்துக் கணிக்கப்படுவது. எனவே பழைய பதிவொன்றிலே எவரேனும் ஓரெழுத்தை இரகசியமாக மாற்றினாலும், அதற்குப் பின்வந்த கைரேகைகள் யாவும் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். நம்முடைய இடாப்பின் கோடும் சுருக்கொப்பமும் செய்கின்ற வேலையை இது கணக்கின் துணையோடு செய்கிறது எனலாம்.

ஒருவர் ஒரு வழுவைத் திருத்தினால், அந்தத் திருத்தம் மற்றொருவர் பார்வைக்குச் செல்லும். நீக்கிய வரிகளுக்கு முன்னே கழித்தற் குறியும், சேர்த்த வரிகளுக்கு முன்னே கூட்டற் குறியும் இருக்கும். மாற்றம் நிகழ்ந்த இடத்துக்கு மேலே மூன்று வரியும் கீழே மூன்று வரியும் வழக்கமாகக் காட்டப்படும். அந்த மூன்று வரி என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, என் மாணாக்கர் காட்டிய திருத்தத்துக்கு வருவோம். அது கிற் மென்பொருளிலேயே கண்ட ஒரு வழுவைப் பற்றியது. அதனை ஊர்க்கடை ஒன்றை உவமையாகக் கொண்டு விளக்குகிறேன்.

கிராமத்துக் கடையில் பலருக்குக் கணக்கு உண்டு. சிறுவன் ஒருவன் ஒவ்வொருவரிடமும் கேட்டுத் துண்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறான். துண்டிலே ஒரு வரிக்கு ஒரு செய்தி. பெயர் இன்னது என்று ஒரு வரி; கணக்கு இன்னாருடையது என்று ஒரு வரி. கடைக்காரர் வரிவரியாக வாசித்துப் பொருளைக் கொடுத்தனுப்புவார். ஒருநாள் வஞ்சகன் ஒருவன், “உன் பெயர் என்ன?” என்று கேட்ட சிறுவனிடம், “கந்தையா, அடுத்த வரியில், கணக்கு முருகேசருடையது” என்று சொல்லுகிறான். சொன்னதைச் சொன்னபடியே எழுதும் அந்தச் சிறுவன், பெயர் என்ற இடத்திலேயே இரண்டு வரிகளை எழுதிவிடுகிறான். கடைக்காரருக்கோ அது முறையான துண்டாகவே தோன்றும். முருகேசரின் கணக்கிலே பொருள் வஞ்சகன் வீட்டுக்குப் போய்விடும்.

கிற் மென்பொருள் தொலைவிலுள்ள ஒரு களஞ்சியத்தோடு தொடர்புகொள்ளும்போது கடவுச்சொல் தேவைப்படலாம். அதைப் பாதுகாத்து வைத்திருக்கும் துணைநிரல் ஒன்றுக்கு அது இவ்வாறே வரிவரியாகத் துண்டு எழுதிக் கொடுக்கிறது. எந்த நெறிமுறை, எந்தத் தளம் என்பன அத்துண்டிலே இருக்கும். இணைய முகவரியொன்றில் வரிமுறிவை மறைத்து எழுத ஒரு வழி உண்டு. விழுக்காட்டுக் குறியோடு இரண்டு குறிகளைச் சேர்த்தால் போதும். அத்தகைய முகவரியைத் தந்திரக்காரர் ஒருவர் கொடுத்தால், கிற் அவருடைய தளத்தோடு தொடர்புகொண்டு, துணைநிரலிடம் வேறொரு தளத்தின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, அதை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். ஒரு களஞ்சியத்துக்குள் அடங்கிய உபகளஞ்சியத்தின் முகவரியிலே இதை ஒளித்துவைத்தால், பயன்படுத்துபவர் அந்த முகவரியைக் கண்ணாற் காணாமலே அகப்பட்டுக்கொள்ளக்கூடும்.

கூகிள் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளரான ஃபீலிக்ஸ் வில்ஹெல்ம் இதைக் கண்டறிந்தார். 2020 ஏப்பிரல் 14-ஆம் திகதி திருத்திய பதிப்புகள் வெளிவந்தன. ஜெஃப் கிங் என்பவர் எழுதிய அந்தத் திருத்தத்தின் சாரம் இரண்டே வரிகள். துண்டில் எழுதப்போகும் மதிப்புக்குள் வரிமுறிவு இருக்கிறதா என்று பார். இருந்தால் எழுதாமல் நிறுத்திவிடு. இவ்வளவே.

இரண்டு வரியைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்? என்னைப் போன்றவர் அரை நிமிடத்தில் ஒப்பமிட்டுவிடுவார். ஆனால் இந்த இரண்டு வரிகளைக் குறித்துக் கேட்கவேண்டிய கேள்விகள் பல என்றார் என் மாணாக்கர்.

முதலாவது கேள்வி, காவல் சரியான வாசலிலே இருக்கின்றதா என்பது. வஞ்சகன் முகவரியைச் சொல்லும் இடத்தில் அவனைத் தடுக்கலாம்; சிறுவன் துண்டெழுதும் இடத்திலும் தடுக்கலாம். முகவரி வந்துசேரும் வழிகள் பல. துண்டெழுதும் இடமோ எல்லா வழிகளும் கூடுகின்ற சந்தி. நெல்லியடிச் சந்தியிலே நின்றால் வடமராட்சியின் பல தெருக்களிலிருந்து வருபவரையும் காணலாம் அன்றோ? அதுபோல, முதன்மையான காவல் துண்டெழுதும் இடத்திலேயே வைக்கப்பட்டது. அதற்கு மேலதிகமாக, முகவரியை வாசிக்கும் இடத்திலும், உபகளஞ்சிய முகவரிகளைச் சோதிக்கும் இடத்திலும் காவல் இடப்பட்டது.

இரண்டாவது, திருத்தத்தோடு சோதனை இணைக்கப்பட்டுள்ளதா என்பது. நல்ல சோதனை, திருத்தத்துக்கு முன்னர் தோற்றுப் பின்னர் தேறவேண்டும். நாளை வேறொருவர் அறியாமல் அந்த இரண்டு வரிகளை நீக்கினால், சோதனை உடனே கூச்சலிடும்.

மூன்றாவது, இப்பிழை வேறு எங்கெங்கே படியெடுக்கப்பட்டிருக்கிறது என்பது. மக்கள் எல்லோரும் புதிய பதிப்பையே பயன்படுத்துவதில்லை. ஆகவே இத்திருத்தம் 2.17 முதல் 2.26 வரையுள்ள பத்துப் பதிப்பு வரிசைகளுக்கும் தனித்தனியே கொண்டுசெல்லப்பட்டது. சேர்விடாப்பைத் திருத்தியவர்கள் வகுப்புப் பதிவேட்டையும் விண்ணப்பத்தையும் மறவாது திருத்தினார்கள் என்று சொல்லலாம். இதைக் கேட்டபோது நான் தலைகுனிந்தேன்.

நான்காவது கேள்வியே எல்லாவற்றிலும் அரியது. இப்பிழையின் உறவினர் எவரேனும் இன்னும் உள்ளே இருக்கின்றனரா என்பதே அது. இங்கேதான் கதை சுவை பெறுகிறது.

திருத்திய பதிப்பு வெளிவந்து ஆறே நாட்களில், ஏப்பிரல் 20-ஆம் திகதி, மற்றொரு திருத்தம் வெளியிடவேண்டியதாயிற்று. கார்லோ அரேனாஸ் என்பவர் அவ்வழுவின் உடன்பிறப்பைக் கண்டுபிடித்திருந்தார். துண்டிலே வரி கூடுவதை முதல் திருத்தம் தடுத்தது. வரி குறைந்தால் என்ன ஆகும் என்பதை அது கவனிக்கவில்லை. கணக்கு யாருடையது என்ற வரியே இல்லாத துண்டு கடைக்கு வந்தால், உதவி செய்யும் ஆர்வமுள்ள கடைக்காரர், கைக்கு அகப்பட்ட ஏதோவொரு கணக்கிலே எழுதிப் பொருளைக் கொடுத்துவிடுவார். தளத்தின் பெயர் வெறுமையாகவோ நெறிமுறை இல்லாமலோ அமைந்த முகவரிகள் அவ்வாறே சில துணைநிரல்களை மயக்கின. இவ்வகை முகவரிகளை மறுக்கும் திருத்தம் இரண்டாவதாக வந்தது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. இம்முறை காவல் சற்று மிகையாகிவிட்டது. தம்முடைய கணினி அமைப்பிலே முழு முகவரியை எழுதாமல் அதன் ஒரு பகுதியை மாத்திரம் நேர்மையாக எழுதி வைத்திருந்தவர்களும் உண்டு. கள்ளனுக்குப் போட்ட வேலியிலே வீட்டுக்காரர் அகப்பட்டதுபோல, அவர்களுடைய அமைப்புகள் வேலை செய்யாது போயின. 2020 யூன் மாதம் வெளிவந்த 2.27-ஆம் பதிப்பில் அந்தக் குறையும் நீக்கப்பட்டது. ஆகவே ஐந்தாவது கேள்வி ஒன்றும் எழுகிறது: இந்தத் திருத்தத்தால் இதுவரை சரியாக நடந்துவந்தது எதுவும் கெடுகின்றதா?

கடைசிப் பகுதியைக் கேளுங்கள். தட்டச்சுப் பொறியைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்: ஒரு வரி முடிந்ததும் இரண்டு அசைவுகள் நிகழ வேண்டும். தாளை ஒரு வரி மேலே நகர்த்துவது ஒன்று. தாளேந்திய வண்டியைத் தொடக்கத்துக்குத் தள்ளுவது மற்றொன்று. பழைய தட்டச்சின் இந்த இரண்டு அசைவுகளும் கணினியின் குறித்தொகுதியிலே இரண்டு தனிக் குறிகளாக நிலைத்துவிட்டன. முன்னதன் எண் 10. பின்னதன் எண் 13. 2020-ஆம் ஆண்டின் திருத்தம் 10-ஆம் குறியைத் தேடித் தடுத்தது. துணைநிரல்களுட் சிலவோ 13-ஆம் குறி தனித்து வந்தாலும் அதையும் வரியின் முடிவாகவே கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவை. எனவே அந்த வழியே பழைய வஞ்சனை மறுபடியும் நுழைய இடமிருந்தது. இதற்கான திருத்தம் 2025 ஜனவரி 14-ஆம் திகதி, 2.48.1-ஆம் பதிப்பில் வந்தது. முதல் திருத்தத்துக்கும் இதற்கும் இடையே நான்கு ஆண்டும் ஒன்பது மாதமும் சென்றிருந்தன. இம்முறை, 13-ஆம் குறியை மெய்யாகவே வேண்டி நிற்பவர் எவரேனும் இருப்பின் அவர் தம் பொறுப்பில் அந்தக் காவலைத் தளர்த்திக்கொள்வதற்கும் ஓர் ஏற்பாடு வைத்தார்கள். வேலியிலே வீட்டுக்காரர் அகப்பட்ட அனுபவம் வீண்போகவில்லை.

நேயர்களே, இதைக் கொண்டு அந்தத் திருத்தக்காரர்களைத் திறமையற்றவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் இத்துறையிலே தேர்ந்தவர்கள். முதல் திருத்தம் தான் தடுக்க எண்ணியதைச் சரியாகவே தடுத்தது. ஆயினும், சரிபார்ப்பவர் கண்முன்னே விரிவது மாற்றமும் அதன் மேலும் கீழுமான மூன்று வரிகளும் மாத்திரமே. பிழையின் உறவினர் நான்காவது வரிக்கு அப்பால் இருக்கலாம். வேறு நாட்டிலே வேறொருவர் எழுதிய துணைநிரலுக்குள்ளும் இருக்கலாம். காட்டப்படாத வரிகளையும் மனத்தாற் கண்டு வினவுவதே சரிபார்ப்பவரின் கடமை.

இந்தக் கடமை நம் மண்ணுக்குப் புதியதன்று. ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை; எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவிலே வேறுபாடு காட்டுவதில்லை. ஓர் ஏட்டிலே புகுந்த வழு, அதைப் பார்த்து எழுதிய ஏடுகளிலெல்லாம் வழிவழியாக இறங்கும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், பல ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டே பாடத்தைத் துணிந்தார்கள். ஒரு புள்ளியை இட்டால் அந்த வரி பொருந்துகிறதா என்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடவில்லை. யாப்புக்கும் உரைக்கும் பிற ஏடுகளுக்கும் அது பொருந்துகிறதா என்றும் நோக்கவேண்டியிருந்தது. கிற் மென்பொருளைச் சரிபார்ப்பவர் இவர்களுடைய தொழிலையே வேறொரு மொழியிலே செய்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னுமொரு செய்தி. கிற் பதிவுகளிலே திருத்தத்தை எழுதியவர் பெயர் ஓரிடத்திலும், அதைக் களஞ்சியத்திலே சேர்த்தவர் பெயர் மற்றோரிடத்திலும் காணப்படும். சரிபார்த்தவர் பெயரையும் குறிப்பிலே சேர்க்கும் வழக்கம் உண்டு. பிழை நேர்ந்தால் ஒருவரைத் தூக்கிலிடுவதற்காக இவ்வாறு செய்வதில்லை. பின்னாளில் அந்த வரியை மாற்ற வருபவர், “இது ஏன் இப்படி எழுதப்பட்டது?” என்று கேட்பதற்கு ஒரு முகவரி வேண்டும் என்பதற்காகவே. சுருக்கொப்பம் என்பது, இதைப் பற்றி என்னிடம் கேட்கலாம் என்று பின்வருவோர்க்கு நாம் கொடுக்கும் வாக்கு.

அந்த வாக்கை நான் ஒருமுறை சரிவரக் காப்பாற்றவில்லை. என்முன் வைக்கப்பட்ட வரி சரியாக இருந்தது, ஆகவே ஒப்பமிட்டேன். அந்த வரியிலிருந்து நீர் அருந்திய மற்றை இடங்களை நான் நினைக்கவில்லை. அதன் விலையை ஓர் ஏழைத் தகப்பனார் செலுத்தினார்.

இப்பொழுதெல்லாம் இலிகிதர் திருத்தமொன்றைக் கொண்டுவந்தால், பேனாவை எடுப்பதற்கு முன்னர், “இதைப் பார்த்து வேறு எங்கெங்கே எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்கிறேன். பதிவேடுகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வருகின்றன. அரை நிமிட வேலை அரை மணி நேரமாகிறது. சில சமயம் இலிகிதர் சலித்துக்கொள்வதும் உண்டு. நேற்றைக்கு முந்திய நாள், நான் கேட்பதற்கு முன்னரே அவர் மூன்று பதிவேடுகளையும் கையிலே கொண்டுவந்து நின்றார்.